கலக்கும் கைக்கு ஒரு காவல்



சில மாதங்களுக்கு முன்னர், கெடாவிலுள்ள ஒரு நகரத்து மருத்துவமனைக்கு உறவினர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். அவருக்கு அடுத்த கட்டிலில் ஒரு முதியவர் படுத்திருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கடுமையான வயிற்றுப்போக்கினால் உடலில் நீர் வற்றிப்போய் வந்திருந்தார். அவருக்குத் தண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தாதி ஒருவர் வந்தார். ஒரு சிறு குப்பியிலிருந்த மருந்தை ஊசியில் இழுத்து, புதிய திரவப் பை ஒன்றினுள் செலுத்தினார். பிறகு அந்தப் பையைக் கையில் பிடித்துத் தலைகீழாகவும் நேராகவும் பல தடவை திருப்பினார். பெரியவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா மிஸ்ஸி, பையைப் போட்டு ஏன் இப்படிப் புரட்டுறே?" என்று கேட்டார்.

"உள்ள போட்ட மருந்து அடியிலேயே தங்கிடக் கூடாது தாத்தா. பை முழுக்கச் சமமாக் கலக்கணும்" என்றார் அந்தப் பெண்.

பெரியவர் தலையை ஆட்டினார். "சரிதாம்மா. ஸ்டோர்ல பாலுக்கு ஆசிட் ஊத்துறப்போ நாங்களும் அப்படித்தான் கலக்குவோம்" என்றார்.

இன்றைய பேச்சுக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்த ஒரே பதிலில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்த நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஆசிட்டை அப்படியே பாலில் ஊற்றமாட்டார்கள். முதலில் தண்ணீர் சேர்த்து அதன் வீரியத்தைக் குறைப்பார்கள். பிறகு அளவாக ஊற்றி, உடனே நன்றாகக் கலக்கி, நுரையை வழித்தெடுப்பார்கள். வீரியம் குறையாத ஆசிட்டை ஒரு மூலையில் ஊற்றிவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஊற்றிய இடத்தில் பால் உடனே கட்டிதட்டிவிடும். மற்ற இடம் பாலாகவே நிற்கும். ரப்பர்த் தகடு கெட்டுப்போகும். மருத்துவமனையில் அதே பிழை நேர்ந்தால் கெடுவது தகடன்று; ஒரு மனித உயிர்.

ஆகவே, ஏற்றும் திரவத்தில் மருந்தைக் கலப்பது எப்படி, அதில் என்னென்ன ஆபத்துகள் உண்டு, அவற்றைத் தடுக்கக் கருவிகளை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் அந்தப் பையில் இருப்பது என்ன? நாம் அதைத் தண்ணீர் என்கிறோம். அது வெறும் தண்ணீர் அன்று. பெரும்பாலும் அது உப்பு நீர். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது கணக்கு. 500 மில்லிலிட்டர் பையில் நாலரைக் கிராம் உப்பு இருக்கும். வேறு சில பைகளில் குளுக்கோஸ் இருக்கும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் வீதம். ஏன் இந்தக் கணக்கு? நம் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் மிக மென்மையானவை. வெறும் தண்ணீரை இரத்தக் குழாயில் செலுத்தினால் அவை நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். உப்பு மிகுந்தாலோ அவை சுருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, இரத்தத்துக்குப் பொருந்துமாறு அளந்து செய்ததே இந்தத் திரவம்.

இது ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1831இல் இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது, வில்லியம் ஓ'ஷாக்னெஸி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். அதில் நீரும் உப்பும் குறைந்துபோயிருந்ததைக் கண்டார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரேதான். இவருடைய கருத்தைக் கொண்டு 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளின் இரத்தக் குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். சிலர் பிழைத்து எழுந்தார்கள். ஆனால், அந்த முறை பல ஆண்டுகள் நிலைக்கவில்லை. காரணம், தூய்மை. கிருமி என்ற ஒன்று உண்டென்பதே அன்று சரியாகத் தெரியாது.

கிருமியைக் கொல்லக் கற்றுக்கொண்ட பின்னும் ஒரு புதிர் மிஞ்சியது. காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு மருந்து செலுத்தினாலும் சிலருக்குக் கடும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. 1923இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் சைபர்ட் என்னும் பெண் விஞ்ஞானி காரணத்தைக் கண்டறிந்தார். கிருமி செத்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு நீரில் தங்கிவிடுகிறது. கொதிக்கவைத்தாலும் அது போவதில்லை. எனவே கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, தொடக்கத்திலிருந்தே அண்டவிடக் கூடாது என்பது விளங்கியது.

அந்தக் காலத்தில் திரவம் கண்ணாடிப் போத்தலில் வந்தது. போத்தலிலிருந்து கைக்கு வரும் குழாய் ரப்பரால் ஆனது. ஆம், நம் மக்கள் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால்தான் உலகமெங்கும் மருத்துவமனைகளில் குழாயாகவும், மருந்துக் குப்பியின் மூடியாகவும், ஊசி குத்தும் குமிழாகவும் பயன்பட்டது. ரப்பருக்கு ஓர் அரிய குணம் உண்டு. ஊசியை வெளியே இழுத்ததும் குத்திய துளை தானாகவே மூடிக்கொள்ளும். இன்றைக்குக் குப்பி மூடிகளைப் பெரும்பாலும் பியூட்டில் என்னும் செயற்கை ரப்பரால் செய்கிறார்கள். அது காற்றையும் ஈரத்தையும் எளிதில் உள்ளே விடாது; இயற்கை ரப்பர் ஒவ்வாத நோயாளிக்கும் தொல்லை தராது. ஆனால் துளை தானே மூடிக்கொள்ளும் அந்தப் பழைய தத்துவம் மாறவில்லை.

கண்ணாடிப் போத்தலில் ஒரு குறை இருந்தது. திரவம் இறங்க வேண்டுமானால் வெளிக் காற்று உள்ளே போக வேண்டும். காற்றோடு தூசியும் கிருமியும் போகலாம். 1970இல் பாக்ஸ்டர் என்னும் அமெரிக்க நிறுவனம் மென்மையான பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தது. திரவம் இறங்க இறங்கப் பை தானே சுருங்கிக்கொள்ளும். வெளிக் காற்று தேவையில்லை. ஒரு ஆபத்தை எச்சரிக்கைப் பலகை மாட்டித் தடுக்காமல், பொருளின் அமைப்பையே மாற்றித் தடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் அதே காலத்தில் நடந்தது. 1970, 1971 ஆண்டுகளில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் திரவம் ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு இரத்தத்தில் கிருமி கலந்து ஆபத்து ஏற்பட்டது. சிலர் இறந்தும் போனார்கள். எங்கோ ஒரு தாதி கவனக்குறைவாக இருந்தார் என்று முதலில் நினைக்கலாம். ஆராய்ந்து பார்த்தபோது குற்றம் போத்தலின் மூடியில் இருந்தது தெரிந்தது. மூடியின் உட்புறத்தில் வைக்கும் வில்லையைப் புதிய வகையாக மாற்றியிருந்தார்கள். மூடிக்கும் போத்தலுக்கும் இடையே கிருமிகள் தங்கின. மூடியைத் திறந்து மூடும்போது அவை திரவத்தில் விழுந்தன. எத்தனை கவனமான கையாக இருந்தாலும் அந்த மூடியை வெல்ல முடியாது. கருவியில் பிழை இருந்தால் நல்ல கையும் பிழை செய்யும் என்பதற்கு இது பெரும் சான்று.

சரி, பையில் மருந்தை ஏன் கலக்க வேண்டும்? ஆலையிலேயே கலந்து அனுப்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சில மருந்துகளை அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால், பல மருந்துகள் தண்ணீரில் கரைந்த பிறகு நெடுநாள் தாங்குவதில்லை. ஆம்பிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் உலர்ந்த தூளாக இருக்கும் வரை கெடாமல் இருக்கும். கரைத்தபின் வீரியம் குறையத் தொடங்கும். மாவைக் கரைத்து வைத்தால் புளித்துவிடும் என்பதால் அரிசியாகவே வாங்கி வைக்கிறோம் அல்லவா? அதைப் போலத்தான். ஆகையால் தூளை நோயாளிக்குக் கொடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் கரைக்க வேண்டும்.

பழைய முறையில் அதை எப்படிச் செய்வார்கள்? ஊசியில் நீரை இழுக்க வேண்டும். குப்பியின் மூடியைத் துடைத்து, ஊசியைக் குத்தி நீரைச் செலுத்த வேண்டும். தூள் கரையும் வரை குப்பியைச் சுழற்ற வேண்டும். கரைசலை மறுபடி ஊசியில் இழுக்க வேண்டும். பையின் வாயில் குத்திச் செலுத்த வேண்டும். பையைப் புரட்டிக் கலக்க வேண்டும். பெயர்ச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். மொத்தம் ஏழு காரியங்கள். வார்டில் முப்பது நோயாளிகள்; விடியற்காலை மூன்று மணி; ஒருபுறம் மணி அடிக்கிறது, மறுபுறம் ஒரு குழந்தை அழுகிறது. இந்த நிலையில் அந்த ஏழு காரியங்களையும் ஒவ்வொரு தடவையும் பிழையின்றிச் செய்ய வேண்டும்.

இதில் வரக்கூடிய ஆபத்துகள் ஐந்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கிருமி. ஊசி குத்தும் ஒவ்வொரு இடமும் ஒரு வாசல். வாசல் பெருகப் பெருகக் கிருமிக்கு வழி பெருகும்.

இரண்டாவது, அளவு. பத்து மில்லி இழுக்க வேண்டிய இடத்தில் வேறு அளவு இழுத்துவிடலாம். ஒரே மாதிரியான இரண்டு குப்பிகள் மாறிப்போகலாம்.

மூன்றாவது, சேராமை. சில மருந்துகளுக்குச் சில திரவங்கள் ஆகா. ஆம்ஃபோடெரிசின் என்னும் காளான்கொல்லி மருந்தைக் குளுக்கோஸ் நீரில்தான் கலக்க வேண்டும். உப்பு நீரில் கலந்தால் திரிந்து படிந்துவிடும். செஃப்ட்ரியாக்சோன் என்னும் மருந்தும் கால்சியமும் சேர்ந்தால் சுண்ணாம்புபோல வெண்துகள்கள் உண்டாகும். பிறந்த குழந்தைகளுக்கு இதனால் உயிராபத்தே நேர்ந்திருக்கிறது. பாலில் ஆசிட் பட்டால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, அடியில் தங்குதல். கடையில் இழுக்காத தேநீரைக் கொடுத்தால் டின் பால் அடியில் கெட்டியாக நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மேலே குடித்தால் கசப்பு, அடியில் தித்திப்பு. மருந்துக் கரைசல் சிலவும் அப்படித்தான். பொட்டாசியம் குளோரைடு என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கில் உடல் இழந்துவிட்ட பொட்டாசியத்தை ஈடுசெய்ய அதைக் கொடுப்பார்கள். நம் நாட்டில் 10 மில்லி குப்பியில் 1 கிராம் இருக்கும். அந்தக் கரைசல் உப்பு நீரைவிடக் கனமானது. கம்பியில் தொங்கும் பையில் அதைச் செலுத்திக் கலக்காமல் விட்டால், அது அடியில், அதாவது குழாய் தொடங்கும் இடத்திலேயே, திரண்டு நிற்கும். நோயாளிக்கு முதலில் இறங்குவது அந்தக் கெட்டியான மருந்துதான். பொட்டாசியம் வேகமாக இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அந்தத் தாதி பையை அத்தனை தடவை புரட்டினார். பையைத் தொங்கவிடும் முன்பே கலந்ததும் அதற்காகத்தான்.

ஐந்தாவது ஆபத்து நோயாளிக்கன்று, கலப்பவருக்கு. ஊசி கையில் குத்தலாம். புற்றுநோய் மருந்துகள் துளியாகத் தெறித்தோ ஆவியாகவோ அவர் உடம்பில் சேரலாம். தோட்டத்தில் மருந்து தெளித்த நம் பெண்கள் கைகளிலும் கண்களிலும் பட்ட வேதனையை நாம் அறிவோம். நோயாளிக்குத் தொண்டு செய்பவரும் நோயாளி ஆகிவிடக் கூடாது அல்லவா?

இந்த ஐந்து ஆபத்துகளுக்கும் வடிவமைப்பாளர்கள் கண்ட விடைகளை இனிப் பார்ப்போம்.

ஊசிக்குப் பதிலாகக் குப்பியின் மேல் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் தலை வந்தது. அதை அழுத்தினால் அதிலுள்ள கூர்முனை மூடியைத் துளைக்கும். அதன்பின் ஊசியே இல்லாத மருந்துக்குழலை அதில் திருகி மருந்தை எடுக்கலாம். கையில் குத்துவதற்கு அங்கே முனை இல்லை. குப்பிக்குள் போகும் காற்றுக்கும் ஒரு நுண்ணிய வடிகட்டி வைத்தார்கள். காற்று போகும், கிருமி போகாது.

அடுத்தது, குப்பியையே பையோடு சேர்க்கும் முறை. பையின் ஒரு பக்கத்தில் குப்பி பொருந்தும் வாய் இருக்கும். குப்பியை அதில் அழுத்திப் பொருத்தி, இடையிலுள்ள தடுப்பை வெளியிலிருந்தே வளைத்து உடைத்து, பையைப் பிசைந்தால் திரவம் குப்பிக்குள் போகும். தூள் கரைந்து மறுபடி பைக்குள் வரும். அளவு மாறாது; ஒரு குப்பிக்கு ஒரு பை. வாசல்களும் குறைந்துவிட்டன.

மூன்றாவது, இரண்டு அறைகள் கொண்ட பை. ஓர் அறையில் தூள், மற்றோர் அறையில் திரவம், நடுவே மெல்லிய ஒட்டு. பையை அழுத்தினால் ஒட்டு பிரிந்து இரண்டும் சேரும். எந்தத் தூளுக்கு எந்தத் திரவம் பொருந்தும் என்பதை ஆலையிலேயே தீர்மானித்துவிடுவதால், சேராத திரவத்தில் கலக்கும் பிழைக்கே இடமில்லை.

பொட்டாசியத்துக்கு என்ன செய்தார்கள்? கெட்டியான கரைசலைச் சாதாரண வார்டுகளில் வைக்கவே வேண்டாம், கூடுமானவரை ஆலையிலேயே அளவாகக் கலந்த பைகளைப் பயன்படுத்துங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. கையருகில் இல்லாத குப்பியைத் தவறாக எடுக்க முடியாது.

இன்னொரு மருந்தின் கதையையும் கேளுங்கள். நம் லயத்து வாசல்களிலும் கோயில் ஓரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியை அறிவீர்கள். அதிலிருந்து வின்கிறிஸ்டின் என்னும் மருந்து எடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் அதை இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும். முதுகுத்தண்டில் செலுத்திவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். அதே குழந்தைக்கு முதுகுத்தண்டில் போட வேறொரு மருந்தும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரியான மருந்துக்குழலில் வந்தால்? உலகின் பல நாடுகளில் இந்தக் குழப்பத்தால் உயிர்கள் போயின. திறமையான மருத்துவர்களின் கைகளிலேயே அது நிகழ்ந்தது.

இதற்கு இரண்டு விடைகள் கண்டார்கள். முதல் விடை மிக எளிமையானது. வின்கிறிஸ்டினைச் சிறிய குழலில் வைக்காமல் ஒரு சிறு திரவப் பையில் கலந்து அனுப்புங்கள் என்று 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. பை நிறைய இருக்கும் திரவத்தை எவரும் முதுகுத்தண்டில் செலுத்த நினைக்கமாட்டார்கள். இரண்டாவது விடை இணைப்பின் வடிவம். மருத்துவமனைக் குழல்களின் முனைகள் எல்லாம் லூயர் என்னும் ஒரே வடிவில், நூற்றுக்கு ஆறு என்ற சரிவில் அமைந்தவை. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும். வசதிதான், ஆனால் அந்த வசதியே ஆபத்து. ஆகவே முதுகுத்தண்டுக்குரிய முனையை வேறு வடிவில் அமைக்க 2016இல் அனைத்துலகத் தர விதி வெளிவந்தது. அந்த விதிப்படி செய்த கருவிகளில் இரத்தக் குழாய்க்குரிய குழலை முதுகுத்தண்டு ஊசியில் மாட்டவே முடியாது. வீட்டுச் சாவி எதிர்வீட்டுப் பூட்டில் நுழையாதது போல.

அப்படியானால் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. புதிய கருவி புதிய பிழையையும் கூடவே கொண்டுவரும். குப்பியைப் பையோடு சேர்க்கும் முறையைச் சொன்னேன். அதில் நடுத்தடுப்பை உடைக்க மறந்துவிட்டால், மருந்துத் தூள் குப்பியிலேயே இருக்கும். நோயாளிக்கு வெறும் உப்பு நீர் மட்டும் ஏறும். குப்பி மாட்டியிருப்பதால் பார்ப்பவர்கள் மருந்து போய்விட்டதாக நினைப்பார்கள். இப்படியும் நடந்திருக்கிறது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் தம் கருவியைப் பார்த்துத் தாமே மகிழ்ந்துகொள்வதோடு நிற்பதில்லை. அதை ஒரு தாதியிடம் கொடுக்கிறார். இரவு வேலையில், மங்கிய வெளிச்சத்தில், கையுறை அணிந்த கையோடு அவர் அதை எப்படித் திறக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறார். சிறிய கைக்கு அழுத்த முடிகிறதா? தடுப்பு உடைந்தது கண்ணுக்குத் தெரிகிறதா? எழுத்தை எளிதில் படிக்க முடிகிறதா? சாய நீரை ஊற்றி, அது பை முழுதும் சமமாகப் பரவுகிறதா, எங்கேனும் கசிகிறதா என்று சோதிக்கிறார். யாராவது தவறு செய்தால், "ஏன் தவறு செய்தாய்?" என்று அவரைக் கேட்பதில்லை. "இந்தக் கருவி அவரை ஏன் தவறு செய்யவிட்டது?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் எழுதி முடிப்பது எளிது. இயந்திரத்துக்கு மறைப்பு இருந்ததா, தெளிப்பவருக்குக் கையுறை கொடுத்தார்களா என்று கேட்பதே உண்மையான பாதுகாப்பு.

இவையெல்லாம் எங்கோ தொலைதூர நாட்டில் நடக்கும் வேலை என்று எண்ண வேண்டாம். பினாங்கு பாயான் லெப்பாஸில் பி. பிரவுன் என்னும் ஜெர்மானிய நிறுவனம் 1972ஆம் ஆண்டு தொழிலைத் தொடங்கியது. இரத்தக் குழாயில் திரவம் ஏற்ற உதவும் ஊசிக்குழல்கள் அங்கே செய்யப்பட்டு உலக நாடுகளுக்குப் போகின்றன. கெடாவில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட ஆலைகளுக்கு வேன் ஏறிப் போகிறார்கள். தலைமுடி ஒன்றுகூட விழாத தூய அறையில், முகத்தை மூடி, நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண், தான் ஒட்டும் ஓர் இணைப்பு எங்கோ ஒரு குழந்தையின் கையில் முடிகிறது என்பதை அறிந்தால், அந்த வேலையின் மதிப்பு அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி, கருவிகளை மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு செய்த பிறகே விற்கலாம். இந்தத் துறையில் பொறியியல் படித்தவர்களும், மருந்தியல் படித்தவர்களும், அச்சு செய்யத் தெரிந்தவர்களும், தரம் சோதிப்பவர்களும் தேவை. கூலிமில் பாலிடெக்னிக் இருக்கிறது. பீடோங் பக்கம் செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணக்கும் அறிவியலும் ஓடும் பிள்ளைகளிடம் டாக்டர், வக்கீல் என்று மட்டும் சொல்லாமல், இப்படியும் ஒரு தொழில் உண்டென்று சொல்லி வையுங்கள். அடியில் தங்கும் மருந்தைப் பற்றித் தாத்தா ஒரு நொடியில் புரிந்துகொண்டாரே, அந்த அறிவு பேரப்பிள்ளையிடமும் இருக்கும்.

இனி, உங்கள் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் நீங்கள் என்ன செய்யலாம்?

எந்த மருந்தாவது அவருக்கு முன்பு ஒவ்வாமல் போயிருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். பையில் மருந்து கலந்திருந்தால் அதன்மேல் மருந்தின் பெயர், அளவு, கலந்த நேரம் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், "மிஸ்ஸி, இதில் மருந்து கலந்திருக்கிறதா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது குற்றமன்று. திரவம் கலங்கலாகவோ அதில் துகளோ தெரிந்தாலும், ஊசி போட்ட இடம் எரிந்தாலும் வீங்கினாலும், நோயாளிக்குத் திடீரென நடுக்கம் வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். சொட்டு மெதுவாக இறங்குகிறது என்று குழாயிலுள்ள சக்கரத்தை நீங்களே திருப்பாதீர்கள். அந்த வேகமும் மருந்தின் அளவில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று. உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு பை தண்ணி ஏற்றுங்கள் என்று மருத்துவரை வற்புறுத்தும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வாயால் குடிக்க முடிந்தவருக்குக் குடிப்பதுதான் பாதுகாப்பு. 1971இல் வங்கதேசப் போரின்போது, கல்கத்தாவை அடுத்த பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலமாக்கி, நீரில் கரைத்து, உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த முகாமில், அந்த எண்ணிக்கை 4க்கும் கீழே இறங்கியது.

அந்தப் பொட்டலத்தின் வழிவந்ததுதான் இன்று கிளினிக்கில் உங்களுக்குக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் பொட்டலம். அதை வீட்டில் கலக்கும்போது நீங்களும் ஒரு மருந்தைத் திரவத்தில் கலக்கிறீர்கள். ஆகவே அதே விதிகள் உங்களுக்கும் உண்டு. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரையே ஊற்றுங்கள். கண் மதிப்பு வேண்டாம். நீர் குறைந்தால் உப்பு மிகும். அது குழந்தைக்குத் தீங்கு. கொதித்து ஆறிய நீராக இருக்கட்டும். கை கழுவிய பின் கலக்குங்கள். முழுதும் கரையும் வரை கலக்குங்கள். கலந்த நேரத்தைக் குறித்து வைத்து, ஒரு நாள் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். குழந்தை சோர்ந்து கண் செருகினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

ஸ்டோரில் பாலுக்கு ஆசிட் கலந்த அந்தப் பெரியவர் நான் சந்தித்த நாளிலிருந்து மூன்றாம் நாள் வீடு திரும்பினார். புறப்படும்போது கையில் இரண்டு பொட்டலங்களைக் கொடுத்தார்கள். "எவ்வளவு தண்ணி ஊத்தணும், அதைச் சொல்லும்மா முதல்ல" என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வியை நீங்களும் மறவாமல் கேளுங்கள்.